விளக்கு ஏந்திய கையும் வலி தாங்கிய முதுகும்

மே 12ஆம் தேதி அனைத்துலகத் தாதியர் தினம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். நாட்பட்ட சோர்வு நோய்க்கான விழிப்புணர்வு நாளும் அதுவே என்பதை, இயன்முறைச் சிகிச்சை படிக்கத் தொடங்கிய பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கும் காரணமானவர் ஒருவரே. அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள்.

தொடக்கப்பள்ளிப் பாடத்தில் நான் சந்தித்த நைட்டிங்கேல், இரவில் விளக்கோடு காயமடைந்த வீரர்களைப் பார்க்க வருபவர். ஆனால், 90 ஆண்டுகள் வாழ்ந்த அவர் போர்க்கால மருத்துவமனைகளில் கழித்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன்பின் பல ஆண்டுகள் அவரே ஒரு நோயாளி. அந்தக் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் இத்தாலியில் இருந்தபோது, 1820ல் புளோரன்ஸ் நகரில் பிறந்ததால் அந்நகரின் பெயரையே அவருக்குச் சூட்டினர். தாதிமைப் பணி மதிப்பில்லாத வேலையாகக் கருதப்பட்ட காலம் அது. குடும்பத்தின் எதிர்ப்பையும் மீறி 1851ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சி பெற்றார்.

1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே காயங்களைவிட காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவையே அதிக வீரர்களைப் பலிவாங்கின. அடுத்த ஆண்டு மே மாதம் கிரைமியாவின் பாலக்லாவா பகுதிக்குச் சென்றிருந்தபோது கடும் காய்ச்சல் அவரையும் தாக்கியது. உயிர் பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பிழைத்தார். ஆனால், பழைய உடல்நலம் திரும்பவில்லை.

<b>பெயர் தெரியாத நோய்</b>

1856ல் நாடு திரும்பினார். மறு ஆண்டே உடல் நிலைகுலைந்தது. படபடப்பு, பசியின்மை, களைப்பு, முதுகுவலி என ஒவ்வொன்றாக வந்தன. 1861ன் இறுதியில் முதுகுத்தண்டு வலி மிகக் கடுமையானது. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அவரால் நடக்க முடியவில்லை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. வலி தாங்க முடியாத வேளைகளில், தோலுக்கு அடியில் ஓப்பியத்தை ஊசியால் செலுத்தும், அப்போது புதிதாக வந்திருந்த முறையையும் நாடினார்.

அன்றைய மருத்துவர்களால் என்ன நோய் என்று சொல்ல முடியவில்லை. பின்னாளில் அவரைப் பற்றி எழுதிய சிலர், விருந்தினரைத் தவிர்க்க அவர் நோயைச் சாக்காகப் பயன்படுத்தினார் என்றும், எல்லாம் மனத்தில்தான் என்றும் கூறினர்.

மருத்துவ விளக்கம் மெல்லத்தான் வந்தது. புருசெல்லோசிஸ் என்று இன்று அழைக்கப்படும் நோயின் கிருமியை 1887ல் டேவிட் புரூஸ் மால்டாவில் கண்டறிந்தார். காய்ச்சாத பாலின்வழி பரவக்கூடிய அந்தக் கிருமி உடலில் நீண்ட நாள் தங்கி, சோர்வையும் மூட்டுவலியையும் தரும், முதுகெலும்பையும் தாக்கும். நைட்டிங்கேலுக்கு வந்தது அந்நோயாகவே இருந்திருக்கும் என்ற வாதத்தை டேவிட் யங் என்ற ஆய்வாளர் 1995ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் முன்வைத்தார். அவர் இறந்து 85 ஆண்டுகளுக்குப் பிறகு!

<b>சேமித்துச் செலவழித்த சக்தி</b>

இருக்கும் சிறிதளவு சக்தியைக் காசுபோல எண்ணிச் செலவழித்தார் நைட்டிங்கேல். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே சந்தித்தார், அதுவும் முன்கூட்டியே நேரம் குறித்து. விருந்துகளுக்குப் போவதில்லை. மிச்சமான சக்தி எழுத்துக்குப் போனது.

ராணுவ மரணங்களின் காரணங்களை வட்ட வரைபடங்களாக்கி 1858ல் வெளியிட்டார். 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. காலடியே வைக்காத இந்தியாவின் சுகாதார அறிக்கைகளை ஆராய்ந்து, குடிநீருக்கும் வடிகாலுக்கும் வாதாடினார். முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பஞ்சத்தைத் தடுக்கப் பாசனம் வேண்டும் என்று வலியுறுத்தினார். 1880களில் வலி ஓரளவு தணிந்தது. 1907ல் பிரிட்டனின் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13ல் காலமானார்.

<b>இன்றைய நோயாளிக்கு என்ன பாடம்?</b>

நைட்டிங்கேலுக்கு 75 வயதான 1895ல், அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கினார். முதுகெலும்பு இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றும், கையால் அழுத்தி அதைச் சரிசெய்யலாம் என்றும் அவர் நம்பினார். அந்தக் கொள்கையை அறிவியல் ஏற்கவில்லை. எனினும், சாதாரண இடுப்புவலிக்கு இத்தகைய கைமுறைச் சிகிச்சை ஓரளவு நிவாரணம் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நாட்பட்ட சோர்வு நோயை அது குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

தேக்காவில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் ஆயுர்வேத நிலையங்கள் உண்டு. நகரின் கடைத்தொகுதிகளில் கைரோபிராக்டிக் நிலையங்கள் உண்டு. உடல்வலியும் அசதியும் சேர்ந்து வாட்டும்போது அங்கே போகத் தோன்றுவது இயல்பு. ஆனால், நைட்டிங்கேலின் முதுகை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கிருமி தாக்கிய முதுகெலும்பைச் சட்டென்று திருகி அழுத்தினால் பெரும் ஆபத்து நேரலாம். அதனால்தான் முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்கிறோம். காய்ச்சல், உடல் எடை குறைதல், இரவில் கூடும் வலி, கை கால் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்வதே முதல் வேலை. சிங்கப்பூரில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். கைரோபிராக்டிக் சிகிச்சையாளர்களுக்கு அத்தகைய சட்டபூர்வப் பதிவுமுறை இல்லை. யாரிடம் நம் முதுகைக் கொடுக்கிறோம் என்று கேட்டறிவது நம் பொறுப்பு.

என் துறையும் ஒரு பாடம் கற்றிருக்கிறது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் சோர்வு நோய் தீரும் என்று முன்பு சொல்லப்பட்டது. இந்நோயாளிகளுக்கோ, சிறிய உழைப்புகூட மறுநாளோ அதற்கடுத்த நாளோ நிலைமையை மோசமாக்கக்கூடும். அதனால் 2021ல் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி அந்த அறிவுரையைக் கைவிட்டது. உடல் அனுமதிக்கும் எல்லைக்குள் சக்தியைப் பங்கிட்டு வாழக் கற்றுத்தருவதே இப்போதைய வழி. நைட்டிங்கேல் தம் அறைக்குள் தாமாகவே கண்டுபிடித்ததும் ஏறக்குறைய அதுதான்.

அவருக்கு இருந்தது இன்று நாம் சொல்லும் நாட்பட்ட சோர்வு நோய்தானா என்பதை இனி யாராலும் உறுதிசெய்ய முடியாது. ஆனால், வெளியே தெரியாத வலியை மற்றவர்கள் நம்ப மறுத்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். நம் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். மாதக்கணக்கில் அசதி என்று சொல்லும் அந்தத் தோழரைச் சோம்பேறி என்று கேலி செய்யாமல், மருத்துவரைப் பார்க்கத் துணைக்குப் போங்கள். தவறவிட்ட பாடக் குறிப்புகளை எடுத்துக் கொடுங்கள். மே 12ஐக் கொண்டாட அதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.