தஞ்சைச் சுவார்ட்சு ஐயர்

சோழ வளநாடு சோற்றுக்குப் பேர்போனது. காவிரி பரந்து பாயும் அந்நாட்டின் தலைநகராகிய தஞ்சையிலே, கோட்டைக்குள் இருந்தோர் அரிசியின்றி மாண்ட காலமும் ஒன்று இருந்தது. அக்காலத்தே அரசர் சொல்லையும் கும்பினியார் சொல்லையும் நம்பாத குடியானவர், அயல்நாட்டுத் தொண்டர் ஒருவர் சொல்லை நம்பினர். அவரே சுவார்ட்சு ஐயர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்சு 1726ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் இளம்பருவத்திலேயே இறந்த அன்னையார், இறக்குந் தறுவாயில் மகனை இறைபணிக்கென ஒப்புவித்தனர். ஹாலே நகரிற் பயிலுங்கால், ஆங்கு அச்சிடக் கருதிய தமிழ் வேதாகமத்தின் பொருட்டுத் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அன்றுதொட்டு 48 ஆண்டுகள், மணம் புரியாது, தாய்நாட்டுக்கும் மீளாது, இந்நாட்டுக்கே உழைத்தார்.

1762இல் அவர் கால்நடையாகத் தஞ்சைக்கும், பின்னர்த் திருச்சிக்கும் சென்றார். வழியிற் கண்டாரோடெல்லாம் உரையாடுதல் அவர் வழக்கம். திருச்சியிற் சில ஆண்டுகள் தங்கியபின் தஞ்சையையே தம் உறைவிடமாகக் கொண்டார். மராத்தியும் பாரசீகமும் கற்று அரசவையிலும் பேசினார். 1779இல் சென்னை அரசினர் ஐதரலியிடம் அவரையே தூதனுப்பினர்.

தரங்கம்பாடியினின்று தஞ்சைக்கு மயிலாடுதுறை, குடந்தை வழியாக ஏறத்தாழ 65 மைல். சென்ற விடுமுறையில் நாம் அவ்வழியை நான்கு நாளில் நடந்து கடந்தோம். முதல்நாள் மனப்பாடமான சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டு நடந்தோம். இரண்டாம் நாள் கால் கொப்பளித்தது. செபமும் ஒரு மரநிழலை வேண்டுமளவிற்குச் சுருங்கிற்று. அப்பொழுதுதான் பிறர் முகம் நம் கண்ணிற்பட்டது. வண்டியிற் செல்வோன் வயலைக் காண்கிறான், நடந்து செல்வோனை வயலில் நிற்போரும் கண்டு, ஊரும் பேரும் வினவுகின்றனர், தண்ணீரும் தருகின்றனர். ஐயர் சொல்லுக்கு மதிப்பு வந்த வழி இதுவேயென்று நமக்குத் தோன்றிற்று.

1780இல் இரண்டாம் மைசூர்ப் போர் மூண்டது. ஐதரலியின் படை தஞ்சை நாட்டைப் பாழாக்கிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதனைக் கோட்டைக்குட் கொணர எருதுகள் இல்லை. எருதுடையோர் முன்னர்க் கூலி பெறாது ஏமாந்தவர்கள். ஐயர் தாமே கூலி தருவதாக வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரம் எருதுகள் வந்தன. உபதேசியாரும் பிற கிறிஸ்தவரும் உயிருக்கஞ்சாது வெளியே சென்று, விரைவில் 80,000 கலம் தானியம் கொணர்ந்தனர். பின்னொருகால் அதிகாரிகளின் கொடுமையால் ஊர்விட்டோடிய குடிகளுள் 7,000 பேர், அவர் வாக்கை நம்பி, பயிரிடும் பருவம் கழியுமுன் வயலுக்கு மீண்டனர்.

அவர் காலத்துத் திருச்சபையிற் சாதி வேற்றுமை ஆலயத்தினுள்ளும் இருந்தது. சாதிக்கொரு புறமாக மக்கள் அமர்ந்தனர். ஐயர் அதனை அறவே ஒழித்தாரல்லர். மெல்லத் தேயுமெனப் பொறுத்தார். அப்பொறுமையாற் பின்வரிசையில் இருந்தோர் பட்ட துன்பத்தையும் நாம் மறைத்தல் தகாது. பெரியோரைப் போற்றுவார்க்கு அவர் முடியாது விட்ட பணியும் உரியதே.

துளஜா மன்னர் 1787இல் இறக்குமுன் தம் சுவீகார மைந்தர் சரபோஜியை ஐயர் பாதுகாப்பில் விட்டனர். ஐயர் அவ்விளைஞரைக் காத்துக் கல்வியும் அளித்தார். 1798 பிப்ரவரி 13ஆம் நாள் ஐயர் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். அம்மன்னர் கிறிஸ்தவராகவில்லை, எனினும் இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் நினைவுச் சின்னம் ஒன்றைத் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் நிறுவினார். மரணப் படுக்கையிற் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றி நிற்பதாக அச்சிற்பம் அமைந்துள்ளது.

கல்லூரி விட்டு ஊர்திரும்பும் நம் சொல்லை நம்பி, நம் ஊர்க் குடியானவர் ஓர் எருதேனும் அவிழ்த்து விடுவரோ? அன்பர்களே, இவ்வினாவிற்கு விடை நம் வாழ்வே கூறுதல் வேண்டும்.