திருவரங்கப் பெருமாள் அரையர்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்குக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சோலைகள் சூழ்ந்த தீவொன்று தோன்றும். கோபுரங்கள் பல உயர்ந்து விளங்கும் அத் தீவே திருவரங்கம். ஆண்டுதோறும் மார்கழித் திங்களை ஒட்டி அங்கே பகற்பத்து, இராப்பத்து என்னும் பெருவிழா நடைபெறும். அவ் விழாவில் கூம்பு வடிவான குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, இறைவன் திருமுன் நின்று பாடுவோர் சிலரைக் காணலாம். அவர்களே அரையர் எனப்படுவோர். அரையர் என்னும் சொல்லுக்கு அரசர் என்பது பொருள். விண்ணப்பம் செய்வார் என்பதும் அவர்களுக்கு வழங்கும் பெயராகும்.

ஆழ்வார் பாசுரத்தை முதலில் இசையோடு பாடுவர். பின்னர் அதன் பொருளைக் கையாலும் கண்ணாலும் நடித்துக் காட்டுவர். அதன்பின் உரை சொல்லி விளக்குவர். யாழும் குழலும் அவர்களுக்கு இல்லை. கைத்தாளம் ஒன்றே துணை. முத்துக்குறி என்னும் பகுதியில் ஒருவரே மகளுக்காக வருந்தும் தாயாவார். காதலால் மயங்கும் மகளாவார். குறி சொல்லும் கட்டுவிச்சியும் ஆவார். திரையும் அரங்க அணியும் இன்றி, குரலும் குறிப்புமே கொண்டு இத்தனை பேரையும் அவையோர் கண்முன் நிறுத்துதல் எளிய செயலன்று. இத் தொண்டில் ஈடுபட்டோருள் பழம்புகழ் வாய்ந்தவர், 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருவரங்கப் பெருமாள் அரையர் ஆவார். அவருடைய வரலாற்றைக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

அவர் பிறந்த குடி இசைக்கும் தமிழுக்கும் உரிய குடி. ஆழ்வார் 12 பேரும் பாடிய பாசுரங்கள் ஒருகாலத்தில் வழக்கொழிந்து மறைந்துகிடந்தன. வீரநாராயணபுரத்தில் தோன்றிய நாதமுனிகள் அவற்றைத் தேடித் தொகுத்து, 4000 பாடல்களாக வகைப்படுத்தி, இசை அமைத்துத் தம் மருமக்கள் இருவருக்குக் கற்பித்தார். அச்சுப்பொறி இல்லாத அந் நாளில் பாட்டு வாழ்வதற்கு ஓலை மட்டும் போதாது. பாடுவாரின் நெஞ்சும் நாவும் வேண்டும். நாதமுனிகளின் பெயரர் ஆளவந்தார். அவருடைய மைந்தரே நம் அரையர். அவர் வைகாசித் திங்கள் கேட்டை நாளில் பிறந்தவர் என்பது மரபு.

அரையரின் குரல் எத்தகைய ஆற்றல் உடையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஒருநாள் அவர் திருவரங்கக் கோயிலில் நம்மாழ்வாரின் திருவாய்மொழியைப் பாடிக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்துக்கு இன்றே வருமாறு அடியாரை அழைக்கும் பகுதி வந்தது. அரையர் அவ் வழைப்பைப் பாடும்போது, அவையில் அமர்ந்திருந்த ஆளவந்தாரின் முகத்தை நோக்கினார். நோக்கியவர் அவ் வடியையே மீண்டும் மீண்டும் பாடினார். கேட்ட ஆளவந்தாருக்கு அது மகன் குரலாகத் தோன்றவில்லை. அரங்கன் ஆணையாகவே தோன்றியது. அப்பொழுதே விடைபெற்றுத் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

அப் பயணத்தால் பெரியதோர் இழப்பும் நேர்ந்தது. நாதமுனிகளின் மாணாக்கராகிய குருகைக் காவலப்பன் யோக நெறியின் மறைபொருளை அறிந்தவர். ஒரு குறித்த நாளில் வந்தால் அதனைக் கற்பிப்பதாகச் சொல்லி, அந் நாளை எழுதி ஆளவந்தாரிடம் அவர் கொடுத்திருந்தார். திருவனந்தபுரத்தில் வழிபட்டு நின்ற ஆளவந்தார் அச் சீட்டை எடுத்துப் பார்த்தபோது, குறித்த நாள் அன்றே என்பதைக் கண்டு திடுக்கிட்டார். ஒரு நொடியில் பறந்து செல்ல வானவூர்தி இல்லையே என்று ஏங்கினாராம். யோக மறைபொருள் காவலப்பனோடே மறைந்தது. இதற்காக அரையரைப் பழிப்பார் இலர். பாடுவது அவர் கடன்; அவர் அதனைச் செய்தார். ஆயினும், உள்ளத்தைத் தொடும் குரல் கேட்பவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பாடுவோரும் முன்னதாக அறிய இயலாது போலும்!

ஆண்டுகள் சென்றன. ஆளவந்தார் மறைந்தார். அவருக்குப்பின் திருவரங்கத்தில் தலைமை ஏற்று நடத்தத்தக்கவர் யார் என்ற கவலை அடியார்களிடையே எழுந்தது. தக்கவராக அவர்கள் கருதியவர் காஞ்சியில் வாழ்ந்த இராமானுசர். 1017-இல் பிறந்தவர் என மரபு கூறும் அவ் விளைஞர், ஆளவந்தாரைக் காண முன்னரே ஒருமுறை திருவரங்கம் வந்தவர். உயிர் நீங்கிய உடலையே கண்டு, ஆறாத் துயரத்தோடு காஞ்சிக்கே திரும்பியவர். பின்னர் அவர் அங்கேயே துறவும் மேற்கொண்டார். காஞ்சிப் பேரருளாளனை விட்டு அவர் வருவாரா? அவரை அழைத்துவரும் பொறுப்பு அரையரிடம் வந்தது. அவர் கையில் இருந்தது தாளம் ஒன்றுதான்.

அரையர் காஞ்சியை அடைந்தார். திருக்கச்சி நம்பி அவரை அன்புடன் வரவேற்றார். பேரருளாளன் சந்நிதியில் அரையர் பாசுரங்களைப் பாடி அபிநயம் செய்தார். தந்தையை இழந்த துயரமும், தலைமை இழந்த ஊரின் துயரமும் அப் பாட்டில் கலந்திருக்கும் அன்றோ! இறைவன் உளம் மகிழ்ந்து, தன் ஆடைகளையும் அணிகளையும் அளித்தான் என்று நூல்கள் கூறும். அரையர் அவற்றால் நிறைவடையவில்லை. தமக்கு வேண்டியது வேறொன்று என விண்ணப்பித்தார். தன்னையும் தன் தேவியரையும் தவிர எதனையும் கேட்கலாம் என இறைவன் இசைந்தான். அரையர் சற்றும் தாழ்த்தாமல் அருகே நின்ற இராமானுசரைச் சுட்டிக் காட்டினார். பேரருளாளன் திகைத்து, வேறு கேட்குமாறு சொல்லியும் அவர் விடவில்லை. இராமனாய் அவதரித்தபோது இரண்டாம் சொல் சொல்லாதவன் இன்று சொல்மாறலாமோ என வாதிட்டு, வேண்டியதைப் பெற்றார். பொன்னும் நிலமும் கேட்டிருப்பின் அவரைக் குறை கூறுவார் யார்? பாடிப் பெற்ற வரத்தை அவர் தம் ஊருக்காகவே செலவிட்டார். இராமானுசர் தம் மடத்துக்கும் திரும்பவில்லை. வழிபாட்டுத் திருமேனியை எடுத்துவருமாறு முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் பணித்துவிட்டு, அங்கிருந்தே அரையரோடு புறப்பட்டார்.

வரமாகக் கேட்டுப் பெற்றவருக்கே அரையர் பின்னாளில் ஆசிரியருமானார். இராமானுசர் பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமலையாண்டான், பெரிய திருமலை நம்பி ஆகியோரிடம் பாடம் கேட்டதோடு, அரையரிடமும் பாசுரங்களின் நுண்பொருளைக் கேட்டார். அரங்கத்து மடத்தின் தலைவராய் விளங்கிய அவர், ஆறு திங்கள் தம் கையாலேயே அரையருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார். நீராட்டுக்கு மஞ்சட்காப்பும் அரைத்துக் கொடுத்தார். ஒருநாள் மஞ்சட்காப்பின் பதம் அரையருக்கு உவப்பாக இல்லை. அவர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முகக் குறிப்பாலே அதனை உணர்ந்த இராமானுசர், உடனே வேறு மஞ்சள் எடுத்துப் பதமாய் அரைத்து வந்து கொடுத்தார். தம் வாழ்நாளெல்லாம் முகக் குறிப்பால் பிறருக்குப் பொருள் உணர்த்திவந்த அரையர், தம் முகத்தையே ஒருவர் படித்துவிட்டதைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தார். தந்தையிடம் தாம் கேட்ட மறைபொருளை ஒன்றும் ஒளியாமல் அன்றே அவருக்கு உரைத்தார்.