டி. வி. சுந்தரம் ஐயங்கார்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கத் தீவை அடையலாம். இன்று சிறிது நேரத்தில் முடியும் இப்பயணத்திற்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே துணையாக இருந்தன. தென்னாட்டுச் சாலைகள் அனைத்தின் நிலையும் அதுவே. அவ்வண்டிகளின் இடையே மோட்டார் பேருந்தைக் குறித்த நேரத்தில் ஓட்டிக் காட்டிய பெருமை டி. வி. சுந்தரம் ஐயங்காருக்கு உரியது.

அவர் 1877ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் பிறந்தார். முதலில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் தவறாது ஊதியம் தரும் வேலையை விடுவதற்கு அக்காலத்தில் எவரும் எளிதில் துணியார். அவர் துணிந்தார். 1911இல் தம் பெயரால் நிறுவனம் ஒன்றை அமைத்து, அடுத்த ஆண்டு மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார்.

மாடுகளின் லாடங்களினின்று கழன்ற ஆணிகள் சாலையெங்கும் சிதறிக் கிடந்து சக்கரங்களைத் துளைத்தன. அவற்றைப் பொறுக்குவதற்கெனக் காந்தம் பொருத்திய வண்டியை அவர் ஓடவிட்டார் என்று கூறுவர். பழுது நேர்ந்த பின் வருந்துவதினும் நேருமுன் காப்பதே அவர் இயல்பு. அவருடைய பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் தம் கடிகாரத்தைத் திருத்தினர் என்பதும் அக்காலத்தார் வழங்கிய செய்தி.

பேருந்து நேரந்தவறாது ஓட வேண்டுமாயின் அதன் எந்திரத்திற்கு எரிபொருள் இடையறாது செல்லவேண்டும். பழைய மோட்டார்கள் சிலவற்றில் பெட்ரோல் தொட்டி எந்திரத்தினும் உயரத்தில் இருந்தது. மேட்டு நீர் பள்ளத்திற்குப் பாய்வது போல எண்ணெய் தானே இறங்கிற்று. ஆயின் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் முகப்பு உயர்ந்துவிட்டால் எண்ணெய் வாராது. தொட்டியைப் பின்புறம் தாழ அமைத்தபோதோ, கிணற்று நீருக்கு ஏற்றம் போல, எண்ணெயை மேலேற்ற ஒரு பம்பு வேண்டியதாயிற்று. எந்திரத்தின் சுழற்சியால் அசையும் நெம்புகோல் ஒன்று பம்பினுள் இருக்கும் மெல்லிய சவ்வை இழுத்து விடும். இழுக்கும்போது எண்ணெய் உள்ளே வரும். விடும்போது கார்புரேட்டரை நோக்கிச் செல்லும்.

வழியில் வண்டி நின்றவுடன் பம்பைக் கழற்றத் தொடங்குதல் அறியாதார் செயல். தொழில் அறிந்தவர் முதலில் தொட்டியில் எண்ணெய் உண்டா என்று காண்பர். பிறகு தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டதா, வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்ததா, குழாயில் கசிவு உண்டா எனப் பார்ப்பர். கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி எந்திரத்தைக் கையால் சுழற்றுவர். அங்கே எண்ணெய் பீறிட்டு வந்தால் பம்பின்மீது குற்றமில்லை. வாராவிடின், சவ்வு கிழிந்திருக்கலாம். அல்லது வால்வில் தூசு படிந்திருக்கலாம். மருத்துவர் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியன்று.

ஆனால் தொட்டியில் ஊற்றுவதற்கே பெட்ரோல் இல்லையெனின் என் செய்வது? இரண்டாம் உலகப் போர் அந்நிலையை உண்டாக்கிற்று. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதனால் அந்நாட்டு எண்ணெய் நின்றது. பெட்ரோல் முன்னரே பங்கீட்டிற்கு உள்ளாகியிருந்தது. மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியும் சந்தைக்குச் செல்லும் உழவரும் வண்டியின்றித் தவிக்கும் நிலை நெருங்கிற்று.

சுந்தரம் ஐயங்கார் மரக்கரியை நாடினார். கரியிலிருந்து வாயுவை ஆக்கி மோட்டாரை ஓட்டும் முறை ஐரோப்பாவில் முன்னரே அறியப்பட்டது. அம்முறையில் டி.வி.எஸ். வாயுக்கலம் என்னும் கருவியை அவர் வடிவமைத்துத் தம் தொழிற்கூடத்தில் செய்வித்தார். இத்தகைய கருவியில் நெடிய இரும்பு உலை ஒன்று உண்டு. அதில் மரக்கரியை நிரப்பித் தீ மூட்டிக் காற்றை அளவாகவே விடுவர். காற்றுக் குறைவதால் கரி முற்றும் எரியாது; கார்பன் மோனாக்சைடு என்னும் எரியும் வாயு பிறக்கும். அது வடிகட்டிகளின் வழியே சாம்பலும் தூசும் நீங்கி, குளிர்ந்து, காற்றோடு கலந்து எந்திரத்தினுள் புகும். இங்குப் பெட்ரோல் பம்புக்கு வேலையில்லை. எந்திரம் தன் இழுப்பினாலேயே வாயுவை ஈர்த்துக்கொள்ளும்.

இவ்வண்டியை ஓட்டுதல் எளிதன்று. புறப்படுமுன் உலை மூட்டிக் காத்திருக்கவேண்டும், சாம்பலை அகற்றவேண்டும், கரி ஈரமாயின் தொல்லை. பெட்ரோல் குழாயில் ஓட்டை இருந்தால் துளி கசிந்து காட்டிக்கொடுக்கும். வாயுக் குழாயிலோ வெளிக்காற்று ஓசையின்றி உட்புகுந்து எந்திரத்தின் வலிமையைக் குறைக்கும். ஓட்டுநர் இணைப்புகள் ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்கவேண்டும். அன்றியும் அவ்வாயு மணமற்ற நஞ்சு. மூடிய கொட்டகையில் உலையை எரியவிட்டால் உயிருக்கே கேடு. பெட்ரோலால் கிடைத்த ஆற்றலும் கரியால் கிடைக்கவில்லை. மேடு கண்ட இடத்தில் கரி பஸ் திணறிற்று. எனினும் பெட்ரோலின்றி அது ஓடிற்று.

டயரின் தேய்ந்த மேற்பரப்பில் புதிய ரப்பரைப் பதித்து அதனை மீண்டும் பயன்படுத்தும் தொழிற்சாலை ஒன்றையும் அவர் நிறுவினார். தொழிலைப் பின்னர்த் தம் மைந்தரிடம் ஒப்புவித்தார். இளமையிலேயே கணவனை இழந்த தம் மகள் சௌந்தரத்தை மருத்துவம் பயிலச் செய்தவரும் அவரே. காந்திகிராமம் 1947இல் தோன்றக் காரணமானவர்களுள் அவ்வம்மையார் ஒருவர்.

சுந்தரம் ஐயங்கார் 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவர் நிறுவனத்தின் பேருந்துகள் 1970களில் அரசின் வசமாயின. திருச்சிராப்பள்ளியில் டி.வி.எஸ். டோல்கேட் என்னும் இடப்பெயர் மட்டும் இன்றும் வழங்கிவருகிறது.