கண்ணாடிக்குச் சட்டம் செய்த தச்சர்

ஆண்டாள் மாலை சூடி முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றை அறியாதார் திருவில்லிபுத்தூரில் இலர். தச்சரின் மகனாகிய எனக்கோ கண்ணாடி என்றாலே அதன் மரச்சட்டந்தான் முதலில் கண்ணில் படும். தாமஸ் சிப்பெண்டேல் வரலாற்றை நான் விரும்பிப் படித்ததும் அதனாலேயே.

இங்கிலாந்தில் ஆட்லி என்னும் சிற்றூரில் 1718-இல் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இலண்டனில் பட்டறை வைத்து, 1754-இல் தம் வரைபடங்களை நூலாக வெளியிட்டார். அவர் காலத்துக் கண்ணாடிச் சட்டங்களில் பிரெஞ்சு நாட்டுச் சிப்பி வளைவு இருக்கும். சீனத்துப் பறவை இருக்கும். பழைய கோதிக் தேவாலயத்தின் கூர்வளைவும் இருக்கும். மரத்தைச் செதுக்கி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். நம் தஞ்சாவூர்ப் பட வேலைக்கு இது தூரத்து உறவு எனலாம். எல்லாம் இரவல் என்று குறை கூறுவோர் உண்டு. நம் தேரில் உள்ள யாளியை மட்டும் எந்த ஆசாரி புதிதாகக் கண்டார்?

1755-இல் பட்டறை தீப்பற்றி, 22 தொழிலாளரின் கருவிப் பெட்டிகள் எரிந்தன. செல்வர்களோ தரவேண்டிய பணத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தனர். இராஜபாளையத்தில் ஒரு வீட்டுக்கு நிலை செதுக்கிவிட்டுக் கூலிக்கு நடையாய் நடந்த என் தந்தை, இதைக் கேட்டுச் சிரித்தார்.

1779-இல் சிப்பெண்டேல் மறைந்தார். பட்டறையை ஏற்ற மகன் 1804-இல் திவாலானார்.