ஹம்ஃப்ரி ஓஸ்மண்ட்

ஹம்ஃப்ரி ஓஸ்மண்ட் (ஜூலை 1, 1917 - பெப்ரவரி 6, 2004) இங்கிலாந்தில் பிறந்த உளமருத்துவர் ஆவார். எல்.எஸ்.டி, மெஸ்கலின் முதலிய, புலனுணர்வையும் எண்ணத்தையும் மாற்றும் மருந்துகளைக் குறிக்கும் சைக்கடெலிக் என்னும் சொல்லை உருவாக்கியவர் இவரே. கனடாவில் மதுவுக்கு அடிமையானோருக்கு எல்.எஸ்.டி கொண்டு சிகிச்சையளித்த இவரது குழுவினர், மருந்தின் பயன் உடனிருக்கும் சிகிச்சையாளரைப் பெரிதும் பொறுத்தது எனக் கருதினர்.

வாழ்க்கைச் சுருக்கம்

இங்கிலாந்தின் சரே பகுதியில் பிறந்த ஓஸ்மண்ட், லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றினார். போருக்குப் பின் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஸ்மிதீஸ் என்பவருடன் இணைந்து, பெயோட்டே என்னும் கள்ளிச்செடியில் உள்ள மெஸ்கலினை ஆராய்ந்தார். அதன் வேதியியல் அமைப்பு அட்ரினலினை ஒத்திருப்பதால், உடலிலேயே உண்டாகும் இத்தகைய பொருள் மனச்சிதைவு நோய்க்குக் காரணமாகலாம் என இருவரும் கருதினர்.

1951 இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்திலுள்ள வேபர்ன் மனநல மருத்துவமனையில் சேர்ந்து, பின்னர் அதன் கண்காணிப்பாளரானார். ஆப்ராம் ஹாஃபர் இவரது நெருங்கிய ஆய்வுத் துணைவர் ஆவார். 1961 இல் வேபர்னை விட்டு நீங்கிய ஓஸ்மண்ட், பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜெர்சி, அலபாமா மாநிலங்களில் பணியாற்றி, விஸ்கான்சின் மாநிலத்தில் காலமானார்.

1953 இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு அவரது லாஸ் ஏஞ்சலஸ் இல்லத்தில் மெஸ்கலின் அளித்து, நாள் முழுவதும் உடனிருந்தார். ஹக்ஸ்லி இவ்வனுபவத்தை 1954 இல் நூலாக வெளியிட்டார். மனம், வெளிப்படுதல் ஆகிய பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைத்த சைக்கடெலிக் என்னும் சொல்லை ஓஸ்மண்ட் 1957 இல் நியூயார்க் அறிவியல் கழகத்தில் முன்வைத்தார்.

சிகிச்சை முறை

1953 இல் மதுவுக்கு அடிமையான இருவருக்கு எல்.எஸ்.டி அளிக்கப்பட்டது. குடியை நிறுத்திய சிலருக்கு ஏற்படும் கடும் நடுக்கத்தையும் மனக்குழப்பத்தையும் போன்றதொரு நிலையை மருந்தால் உண்டாக்கினால், அந்த அச்சத்தால் நோயாளி குடியை விடுவார் என்பதே தொடக்க எதிர்பார்ப்பாகும். ஆனால் பயனடைந்தோர் அச்சத்தைக் காட்டிலும் தம்மைப் பற்றிய தெளிவையே காரணமாகக் கூறினர். எனவே முறை மாற்றப்பட்டது. நோயாளி முன்கூட்டியே ஆயத்தப்படுத்தப்பட்டார். மருத்துவமனைச் சூழல் தோன்றாத அமைதியான அறையும் இசையும் ஏற்பாடு செய்யப்பட்டன. மருந்தின் விளைவு தணியும்வரை சிகிச்சையாளர் உடனிருந்தார். பின்னர் அனுபவம் பற்றி உரையாடல் நடைபெற்றது.

நோயாளி காணும் உலகை அறிய, சிகிச்சையாளர் முதலில் தாமே மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பது இக்குழுவின் கொள்கையாக இருந்தது. சஸ்காச்சுவானில் பணியாற்றிய டங்கன் புளூவெட், நிக் சுவெலோஸ் ஆகியோர் 1959 இல் சிகிச்சையாளருக்கான கையேடு ஒன்றை எழுதினர். 1956 இல் நார்த் பேட்டில்ஃபோர்டு அருகே பூர்வகுடி மக்களின் இரவு முழுவதும் நடைபெறும் பெயோட்டே வழிபாட்டில் ஓஸ்மண்ட் பங்கேற்றார். அங்கும் வழிகாட்டியும் பாடலும் கூடியிருப்போரின் துணையும் அனுபவத்தை நெறிப்படுத்துவதைக் கண்டார்.

கட்டடக் கலைஞர் கியோ இசுமி, மனநோயாளிகளின் பார்வையை அறிய எல்.எஸ்.டி உட்கொண்டு, யார்க்டன் நகர மனநல மருத்துவமனையை வடிவமைத்ததும் ஓஸ்மண்டின் ஒத்துழைப்புடனேயே ஆகும்.

விமர்சனங்கள்

சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டுக்குப் பின்னும் குடிக்கவில்லை அல்லது பெரிதும் குறைத்தனர் எனக் குழுவினர் அறிவித்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகள் என்பதால் இவை குறைகூறப்பட்டன. 1960களில் டொராண்டோ ஆய்வாளர்கள், நோயாளிகளைக் கட்டிலில் பிணைத்து, உடனிருப்போரின் பங்கையும் குறைத்துச் செய்த ஆய்வில் மருந்துக்குத் தனிப்பயன் காணவில்லை. மருந்தின் விளைவை மட்டும் பிரித்தறிய இதுவே வழி என்பது அவர்கள் நிலைப்பாடு. துணையை நீக்கினால் சிகிச்சையே நீங்கிவிடும் என்பது சஸ்காச்சுவான் குழுவின் மறுமொழி. இவ்விவாதம் முடிவுறுவதற்குள், எல்.எஸ்.டி பொதுமக்களிடையே பரவியதை அடுத்து வந்த தடைகளால் ஆய்வுகள் நின்றன.

மனச்சிதைவு நோய்க்கு ஓஸ்மண்டும் ஹாஃபரும் கூறிய வேதியியல் காரணம் நிறுவப்படவில்லை. அவர்கள் பரிந்துரைத்த மிகை நியாசின் சிகிச்சையை அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் குழு 1973 இல் ஏற்க மறுத்தது.

பிற்காலத் தாக்கம்

1966 முதல் 1970 வரை வெளியான 6 ஆய்வுகளை, 536 பேரின் தரவுகளுடன் தொகுத்த 2012 ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு முறை தரப்பட்ட எல்.எஸ்.டி குடிப்பழக்கத்தைக் குறைத்ததாகக் கண்டது. ஆயத்தம், உடனிருத்தல், பின்னுரையாடல் என்னும் மூன்று கட்டங்களும் சைலோசைபின் கொண்டு நடைபெறும் இன்றைய மருத்துவ ஆய்வுகளில் பின்பற்றப்படுகின்றன. ஆனால் சிகிச்சையாளரும் மருந்தை உட்கொண்டிருக்க வேண்டும் என்ற கருத்து இன்றும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. ஆஸ்திரேலியா 2023 இல், அனுமதி பெற்ற உளமருத்துவர்கள் சைலோசைபினைப் பரிந்துரைக்க இடமளித்தது. இந்தியாவில் எல்.எஸ்.டி, மெஸ்கலின், சைலோசைபின் ஆகியன 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டவை ஆகும்.