அடகுக்குப் போன வைரம்



கம்பெனி முதலாளி என்றாலே லாபம் பார்ப்பவர்தான் என்று நாம் நினைக்கிறோம். சர் தோராப்ஜி டாடாவின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1859-இல் பம்பாயில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். அப்பா ஜாம்ஷெட்ஜியின் இரும்பாலைக் கனவை 1907-இல் கம்பெனியாக்கினார். 1920 ஒலிம்பிக்குக்கு நம்ம வீரர்கள் போகவும் பணம் கொடுத்தார்.

1924-இல் ஆலையில் சம்பளம் போடக்கூடப் பணமில்லை. தன் சொத்தையும், மனைவி மெஹர்பாயின் 245 காரட் ஜூபிலி வைரத்தையும் இம்பீரியல் வங்கியில் அடகு வைத்து ஒரு கோடி ரூபாய் புரட்டினார். எங்க வீட்ல படிக்க வந்த முதல் ஆள் நான். என் ஃபீஸுக்கு அம்மையின் கம்மல்தான் அடகுக்குப் போச்சு. அதனால் அந்த மனசு எனக்குப் புரியும். ஆலை பிழைத்தது.

1931-இல் மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். பிள்ளைகள் கிடையாது. 1932-இல் சொத்தை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அதே வருஷம் ஜூன் 3-ந் தேதி ஜெர்மனியில் காலமானார்.

அந்தப் பணத்தில்தான் 1936-இல் பம்பாயில் சமூகப்பணிப் பள்ளி வந்தது. மக்கள் சேவையை இளைஞர்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தது. 1941-இல் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் வந்தது.

இன்று 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடணும். சட்டம் வரும் முன்பே கொடுத்தவர் அவர்.

நம்ம என்.எஸ்.எஸ். முகாமில் குளம் தூர்வார மண்வெட்டியும் கூடையும் வேணும். கம்பெனிகளிடம் கேட்கக் கூச வேண்டாம் நண்பர்களே! ஆனால் வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி வைப்போம். அந்த லாபத்தில் தொழிலாளியின் வியர்வையும் இருக்கிறது.