ரோம் நகரத் தெருவின் முகம்

வெண்திரை ராணி என்றதும் பளிங்கு மேனியும் பட்டாடையும்தானே கண்முன் நிற்கும்? அன்னா மாக்னானிக்கோ கலைந்த கூந்தல், கருவளையம் சூழ்ந்த கண்கள், உழைத்துக் களைத்தவளின் முகம்!

1908-இல் ரோமில் பிறந்தார். தந்தை முகம் அறியாதவர், பாட்டி வளர்த்தார். நாடகம் பயின்றார், இரவு விடுதிகளில் தெருப்பாடல் பாடிப் பிழைத்தார். முசோலினி காலத்துப் படங்களிலே மாளிகையும் வெள்ளை டெலிபோனும். அங்கே இந்த முகத்துக்குச் சில்லறை வேடங்களே கிடைத்தன.

1944 மார்ச்சில், ஜெர்மானியர் பிடித்துச் சென்ற கணவனைக் காணப்போன தெரேசா குல்லாச்சே என்ற கர்ப்பிணி, ரோம் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டாள். அடுத்த ஆண்டே ரோசெல்லினி எடுத்த ‘ரோம், திறந்த நகரம்’ படத்தில் அந்தக் கொடுமை உயிர்பெற்றது. காதலனை ஏற்றிச் செல்லும் லாரியின் பின்னே கதறியபடி ஓடுகிறாள் பினா, குண்டு பாய்கிறது, வீழ்கிறாள். மாக்னானி வீழ்ந்தார், உலகம் எழுந்து நின்றது!

நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் அவருக்கென்றே ‘ரோஜா டாட்டூ’ எழுதினார். ஆங்கிலம் போதாதென்று மேடையில் நடிக்க மறுத்தவர், படத்தில் அந்தத் தையற்கார விதவையாக நடித்து 1956-இல் ஆஸ்கார் பரிசு பெற்றார். சிறந்த நடிகைக்கான அப்பரிசை வென்ற முதல் இத்தாலியர் அவரே.

1973 செப்டம்பர் 26-இல் ரோமில் மறைந்தார். இறுதிச் சடங்குக்கு ஊரே திரண்டது. போப்பாண்டவர்களுக்குத் திரளும் கூட்டம், பாடிப் பிழைத்த பெண்ணுக்கு!